வாடகைப் பாக்கியோடு கைக்கு வந்த வீடு: புதிய உரிமையாளர் எங்கிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்

ஆள் குடியிருக்கும் வீட்டைக் கிரயம் வாங்கியவரும், பாகப்பிரிவினையிலோ உயில் வழியாகவோ அப்படியொரு வீடு கைக்கு வரப்பெற்றவரும் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் தொடங்குகிறார்கள். குடியிருப்பவர் பழைய உரிமையாளருக்கு ஐந்து மாத வாடகை தரவில்லை. வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது. ஆகவே அந்த ஐந்து மாதப் பாக்கியைக் காட்டி அவரைக் காலி செய்ய வைத்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. வாடகை பாக்கி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பாக்கி யாருக்குச் சேர வேண்டியது என்று சட்டம் கேட்கிறது. தமிழ்நாட்டில் புதிய உரிமையாளர்கள் தொடரும் வெளியேற்ற வழக்குகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான்.

இந்தியாவின் சொத்து மாற்றுச் சட்டம் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 109ஆம் பிரிவு, குத்தகைக்கோ வாடகைக்கோ விடப்பட்ட சொத்தை உரிமையாளர் வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பழைய உரிமையாளருக்கு இருந்த உரிமைகள் அனைத்தும் புதியவருக்கு வந்து சேரும். அவர் விரும்பினால் வாடகையை வாங்கலாம், தவறினால் நடவடிக்கை எடுக்கலாம், அறிவிப்பு கொடுத்து வாடகையை முடிவுக்குக் கொண்டு வரலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. சொத்து மாறிவிட்டது என்பதாலேயே, மாறுவதற்கு முந்தைய காலத்து வாடகைப் பாக்கி புதியவருக்கு உரியதாகிவிடாது. அது விற்றவருக்குச் சேர வேண்டிய கடனாகவே நிற்கிறது. வீட்டோடு சேர்ந்து அந்தக் கடனும் வந்துவிட்டதாக எண்ணி ஐந்து மாதப் பாக்கியையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்புகிறவர், தமக்குச் சேராத தொகையைக் கேட்டவராகிவிடுகிறார்; குடியிருப்பவர் கொடுக்காமல் இருந்ததற்கு நேர்மையான காரணம் ஒன்றையும் தாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மாத வாடகை ₹12,000 என்றும், கிரயப் பத்திரம் ஆகஸ்ட் 14ஆம் தேதி பதிவானது என்றும், ஏப்ரல் முதல் ஜூலை வரை வாடகை வரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அந்த நான்கு மாதத்துக்கான ₹48,000 விற்றவருடையது. ஆகஸ்ட் மாத வாடகை இருவருக்கும் பொதுவானது. ஏனெனில் அதே சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, சொத்தை மாற்றுகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையே வாடகை நாளுக்கு நாள் சேர்வதாகக் கருதப்படும். செப்டம்பரும் அக்டோபரும் வராமல் போனால் அந்த ₹24,000 ஐயத்துக்கு இடமின்றிப் புதியவருடையது. என் கருத்தில், வெளியேற்றத்துக்கான அறிவிப்பு இந்த ₹24,000 மீதே நிற்க வேண்டும். ஆகஸ்டின் பங்கைப் பிரித்துக் கணக்கிடத் தெரிந்தால் சேர்க்கலாம். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காக அறிவிப்பின் தொகையே சர்ச்சைக்கு உள்ளாவதை விட, அதை விட்டுவிட்டு முழு மாதங்களை மட்டும் கேட்பது பாதுகாப்பானது.

பழைய பாக்கியை வசூலிக்கும் உரிமையை விற்றவர் எழுத்து வழியாக வாங்குபவருக்கு ஒப்படைக்க முடியும். கிரயப் பத்திரத்திலேயே அதற்கு ஒரு பத்தி எழுதுவது உண்டு. அப்படி ஒப்படைக்கப்பட்டால் அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர முடியும் என்பதில் சிக்கல் இல்லை. ஆனால், அப்படி வந்த தொகை வாடகையாகவே நீடிக்கிறதா, அல்லது வெறும் கடனாக மாறிவிடுகிறதா, அதைக் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியுமா என்ற கேள்வியில் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. ஆகவே ஒப்படைப்பு இருந்தாலும்கூட அதைப் பண வசூலுக்கு வைத்துக்கொண்டு, வெளியேற்றத்துக்குத் தம் காலத்துப் பாக்கியை மட்டும் நம்புவதே நல்லது.

வாரிசாக வந்தவரின் நிலை சற்று வேறு. இறந்தவருக்குச் சேர வேண்டியிருந்த பாக்கியும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் ஒரு பகுதி என்பதால் அது வாரிசுகளுக்கு உரியது. ஆனால் இறந்தவருக்கு வர வேண்டிய கடனுக்கு நீதிமன்றம் தீர்ப்பு வழங்க வேண்டுமானால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 214ஆம் பிரிவு நீதிமன்றத்திலிருந்து பெறும் வாரிசுரிமைச் சான்றிதழ் போன்ற ஆவணத்தைக் கேட்கிறது. விவசாய நிலத்தின் குத்தகைக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. வீட்டு வாடகைக்கு இல்லை. வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழும் இதுவும் ஒன்றே என்று எண்ணுபவர்கள் மிகப் பலர். இரண்டும் வேறு வேறு. எனினும் இறப்புக்குப் பின் சேரும் வாடகை நேரடியாக வாரிசுகளுக்கே சேர்வதால், வெளியேற்றத்துக்கு அந்தக் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு இந்தத் தடை குறுக்கே வராது.

109ஆம் பிரிவுக்கு இன்னொரு முகமும் உண்டு; குடியிருப்பவரைக் காக்கும் முகம் அது. வீடு கைமாறியது என்று நம்புவதற்குக் காரணம் இல்லாத நிலையில் அவர் பழைய உரிமையாளரிடமே வாடகையைக் கொடுத்துவிட்டால், அதே வாடகையைப் புதியவருக்கு மறுபடியும் கொடுக்க வேண்டியதில்லை. இது முழுக்க நியாயமான விதி. பத்து வருடமாக ஒருவரின் வங்கிக் கணக்குக்கு மாதம் பிறந்ததும் கைபேசியிலிருந்து பணம் அனுப்பி வந்தவருக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கிரயம் முடிந்த கையோடு புதியவர் செய்ய வேண்டிய முதல் வேலை இங்கேதான் இருக்கிறது. வீடு இன்ன தேதியில் இன்னாருக்கு விற்கப்பட்டது, இனி வாடகையை அவரிடமே செலுத்த வேண்டும், முன்பணமாக இவ்வளவு தொகை அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, இன்ன மாதம் வரை வாடகை வந்திருக்கிறது என்று விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் குடியிருப்பவரின் கையில் சேர வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமும் இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் இதை அட்டார்ன்மென்ட் கடிதம் என்பார்கள். புதியவரை உரிமையாளராகக் குடியிருப்பவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் உரிமை மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவசியம் இல்லை, சட்டத்தின் இயக்கத்தாலேயே உரிமை மாறிவிடுகிறது என்பது உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய நிலைப்பாடு. அவர் கையெழுத்திட மறுத்தாலும் குறைவில்லை. அவருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தால் போதும். அந்தத் தேதியிலிருந்துதான் பாக்கி என்ற சொல்லுக்கே புதியவரின் கையில் வலிமை வருகிறது.

விற்றவர் கையில் பணம் வந்த பிறகு இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட அவரைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்திரப் பதிவு நாளன்றே, மீதிப் பணம் கொடுக்கும் அதே மேசையில், அதை வாங்கிவிடுவது பின்னால் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

அடுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். தமிழ்நாட்டில் நகரங்களின் வாடகை உறவை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆண்டது 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை தராததைக் காரணம் காட்டி வெளியேற்ற வேண்டுமானால், அந்தத் தவறுகை வேண்டுமென்றே நிகழ்ந்தது என்று அந்தச் சட்டத்தின் கீழ் நிறுவ வேண்டியிருந்தது. மறதியா, பண நெருக்கடியா, கணக்குத் தகராறா, அல்லது உண்மையிலேயே கொடுக்க மனமில்லையா என்று குடியிருப்பவரின் உள்ளத்தை அளக்கும் அந்த விசாரணையில் ஆண்டுகள் கரைந்தன. உரிமையாளர் இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்தும் பாக்கி தொடர்ந்தால் அது வேண்டுமென்றே நிகழ்ந்ததாகக் கொள்ளலாம் என்ற விளக்கம் அதில் இருந்தது. அதற்கும் எத்தனையோ எதிர்வாதங்கள் எழுந்தன. இன்றும் ஊரில் அறிவுரை சொல்பவர்கள் பலர் அந்தப் பழைய சட்டத்தை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள்.

அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்ததுதான், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்த நாள் 2019 பிப்ரவரி 22. நகர்ப்புறங்களுக்கான இந்தச் சட்டத்தில், குடியிருப்பவரின் மனநிலையை ஆராயும் பழைய சோதனை கிடையாது. 21ஆம் பிரிவு வெளியேற்றத்துக்கான காரணங்களைச் சொல்கிறது. வாடகைப் பாக்கியைப் பற்றிய கூறு கேட்பது இவ்வளவுதான்: இரண்டு மாத வாடகையும் பிற கட்டணங்களும் முழுமையாகச் செலுத்தப்படவில்லை; பாக்கியைக் கேட்டு உரிமையாளர் முறையாக அறிவிப்புச் சார்வு செய்தார், அதாவது அதைக் குடியிருப்பவரிடம் சேர்ப்பித்தார்; அதன் பிறகு ஒரு மாதம் கடந்தும் தாமதத்துக்கான வட்டியோடு அந்தத் தொகை வரவில்லை. அறிவிப்பை எப்படிச் சார்வு செய்வது என்பதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவையே அது சுட்டுகிறது.

அதே சட்டம் குடியிருப்பவருக்கு ஒரு வாய்ப்பையும் வைத்திருக்கிறது. அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டி உள்பட முழுப் பாக்கியையும் உரிமையாளரிடம் கொடுத்தாலோ, வாடகை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டாலோ, பாக்கியைக் காரணமாக வைத்து வெளியேற்ற உத்தரவு இடப்படாது. இந்தச் சலுகையை ஒருமுறை பெற்ற பிறகு, அடுத்து ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் மீண்டும் அது கிடைக்காது. இந்த ஏற்பாட்டைப் புதிய உரிமையாளர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாக்கி என்ற காரணத்தின் முதல் நோக்கம் பணத்தை வரச் செய்வது. ஆளை வெளியே அனுப்புவது அதற்குப் பிறகுதான். வீடு தமக்குக் குடியிருக்கத் தேவை என்பதே உண்மையான காரணமாக இருக்கும்போது, அதை மறைத்துப் பாக்கியைப் பிடித்துக்கொண்டு வழக்குக்குப் போகிறவர், குடியிருப்பவர் ஒரே நாளில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் என்ன செய்வார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்தத் தேவைக்கு அந்தப் பிரிவிலேயே தனிக் காரணம் இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது உடன்படிக்கையின் பதிவு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. பதிவு இணையவழியில் நடக்கிறது. பதிவானதும் ஓர் எண் கிடைக்கும். பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்ற நெடுநாள் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயப் பதிவு என்பதால், ஒரு மாதத்தைக் குறைத்து எழுதி அந்தச் செலவிலிருந்து தப்பினார்கள். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு இந்தக் காலக் கணக்கு பொருந்தாது. பதினொரு மாத உடன்படிக்கையும் பதிவாக வேண்டும்.

விற்றவர் அப்படிப் பதிவு செய்திருக்கிறாரா என்பதைக் கிரயத்துக்கு முன்பே கேட்பவர்கள் மிகக் குறைவு. வில்லங்கச் சான்றைப் பார்க்கிறார்கள், பட்டாவைப் பார்க்கிறார்கள், மின் இணைப்பின் பெயரைப் பார்க்கிறார்கள். வாடகை உடன்படிக்கையின் பதிவு எண்ணைக் கேட்பதில்லை. பதிவு இல்லாத உடன்படிக்கையைச் சான்றாக முன்வைப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆகையால் பாக்கியை மட்டும் காரணமாகக் காட்டும் மனு, வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் தர வேண்டும் என்பதை நிறுவும் முதற்படியிலேயே தள்ளாடத் தொடங்கும். இதற்கு ஒரு மாற்றுவழியைச் சட்டமே வைத்திருக்கிறது. உரிமையாளரும் குடியிருப்பவரும் சட்டம் கேட்கும் எழுத்து உடன்படிக்கையைச் செய்துகொள்ளத் தவறினார்கள் என்பதே 21ஆம் பிரிவில் சொல்லப்படும் முதல் காரணம். நடைமுறையில் தமிழ்நாட்டின் வாடகை நீதிமன்றங்களுக்கு வரும் மனுக்களில் கணிசமானவை இந்த முதல் காரணத்தையே பற்றிக்கொண்டு நிற்கின்றன. புதிய உரிமையாளர் தம் பெயரில் புதிய உடன்படிக்கையின் வரைவை அனுப்பி, இன்ன தேதிக்குள் கையெழுத்திட்டுப் பதிவுக்கு வருமாறு எழுத்தில் அழைத்து, குடியிருப்பவர் வரவில்லை என்றால், அந்த அழைப்பும் மௌனமும் வழக்கில் பேசும். பாக்கி கேட்கும் அறிவிப்பைக் காட்டிலும் இந்த அழைப்புக் கடிதம் பல வழக்குகளில் அதிக வலிமை உடையது என்பதே என் கருத்து.

முன்பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைக்கிறது. பாக்கி வைத்தவர் முதலில் சொல்லும் பதில், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பழைய சட்டத்தின் காலத்தில் இந்தப் பதிலுக்கு உண்மையான வலிமை இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் முன்பணத்தை உரிமையாளர் வைத்திருக்கும்போது குடியிருப்பவரை வேண்டுமென்றே தவறியவர் என்று எப்படிச் சொல்வது என்று நீதிமன்றங்கள் கேட்டன. இன்றும், கையில் ₹1,20,000 முன்பணத்தை வைத்துக்கொண்டு ₹24,000 பாக்கிக்காக வெளியேற்றம் கேட்பவர் அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். முன்பணம் வீட்டைத் திரும்ப ஒப்படைக்கும்போது கணக்குத் தீர்ப்பதற்கானது, மாதாந்திர வாடகைக்கு ஈடானதல்ல என்று உடன்படிக்கையில் தெளிவாக எழுதியிருந்தால் அந்தப் பதில் எளிதாகும்.

அந்த முன்பணம் இப்போது யாரிடம் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பொதுவாகக் கிரயத் தொகையில் கழித்துக்கொண்டு வாங்குபவரே அதற்குப் பொறுப்பேற்பார். கழிக்கவில்லை என்றால் விற்றவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடவில்லை. ஆனால் புதியவரையே பொறுப்பாளராக ஏற்றுக்கொள்ளும் தேர்வை 109ஆம் பிரிவு குடியிருப்பவருக்குத் தருகிறது. வீட்டை விட்டுப் போகும் நாளில் அவர் கேட்கப்போவது எதிரில் நிற்பவரிடம்தான். எனவே அந்தத் தொகையை விற்றவரிடமிருந்து எழுத்தில் உறுதிசெய்து பெற்றுக்கொள்ளாமல் கிரயத்தை முடிப்பது, பிறர் வாங்கிய பணத்தைத் தாம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

லீஸுக்கு விட்ட வீடு, அதாவது ஒத்திக்கு விட்ட வீடு, இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருக்க விடும் ஏற்பாட்டில், வாடகைப் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தொகையைத் திருப்பித் தராமல் வீட்டைக் கேட்க முடியாது. குடியிருப்பவர் வாடகையே தருவதில்லை என்று விற்றவர் சொன்னதை நம்பி, அது ஒத்தி வீடு என்பதைப் பின்னால் அறிந்தவரின் கதி துயரமானது. கிரயத்துக்கு முன் குடியிருப்பவரை நேரில் சந்தித்து, எந்த ஏற்பாட்டில் இருக்கிறீர்கள், எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று மரியாதையோடு கேட்பதைத் தவிர இதற்கு வேறு காப்பு இல்லை.

இனி அறிவிப்பு. அதில் புதியவர் உரிமையாளரான விதம், கிரயப் பத்திரத்தின் எண்ணும் தேதியும், குடியிருப்பவருக்கு அது தெரிவிக்கப்பட்ட நாள், மாத வாடகை, எந்தெந்த மாதம் வரவில்லை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, வட்டி எந்த அடிப்படையில், எந்த வங்கிக் கணக்கில் செலுத்தலாம், ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் என்ன நடவடிக்கை என்பவை தெளிவாக இருக்க வேண்டும். வசைச் சொற்களும் மிரட்டலும் நோட்டீஸின் வலிமையைக் கூட்டுவதில்லை. பிற்காலத்தில் நீதிபதியின் மேசையில் அந்தத் தாள் இருக்கப்போகிறது என்பதை நினைவில் வைத்து எழுதுவது நல்லது. 106ஆம் பிரிவு தபாலில் அனுப்புவதையும், நேரில் கொடுப்பதையும், குடும்பத்தில் ஒருவரிடமோ பணியாளரிடமோ கொடுப்பதையும், அவை முடியாதபோது வீட்டின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டுவதையும் ஏற்கிறது. சரியான முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால், வாங்க மறுப்பு என்ற குறிப்போடு திரும்பி வந்தால் மனம் தளர வேண்டியதில்லை; பிரிக்காமல் அந்த உறையை அப்படியே பத்திரப்படுத்த வேண்டும்.

அறிவிப்புக்குப் பிறகு ஒரு சிறு தொகை வந்து சேருவது மிக இயல்பாக நடப்பது. ₹24,000 கேட்ட இடத்தில் ₹10,000 கணக்கில் ஏறியிருக்கும். இந்த நிலையைக் கையாள்வதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள் இதற்கு ஒழுங்கு சொல்கின்றன. எந்தக் கடனுக்காகக் கொடுக்கிறேன் என்று கொடுப்பவர் சொன்னால் அதற்கே வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாமலும் சூழ்நிலை காட்டாமலும் இருந்தால் பெறுபவர் தெரிவு செய்யலாம். இருவரும் எதுவும் செய்யாவிட்டால் காலத்தால் முந்தைய கடனுக்கு அது போய்ச் சேரும். வரவு வந்த அன்றே, எந்த மாதத்துக்கு வைக்கப்பட்டது, மீதி எவ்வளவு என்று எழுதி ரசீது கொடுப்பதும், அறிவிப்பின் கீழ் தமக்கு உள்ள உரிமைக்குப் பாதகமின்றியே பெற்றுக்கொள்வதாக அதில் குறிப்பதும் அவசியம். காலி செய்யச் சொன்ன அறிவிப்பின் கெடு முடிந்த பிறகும் எதுவும் சொல்லாமல் மாதாமாதம் வாடகையை வாங்கிக்கொண்டிருப்பவர், தாம் கொடுத்த அறிவிப்பைத் தாமே கைவிட்டதாக வாதம் எழ இடமளிக்கிறார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 113ஆம் பிரிவு அப்படிக் கைவிடுவதைப் பற்றியே பேசுகிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் குடியிருப்பவர் அதை வாடகை அதிகாரியிடம் செலுத்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. பாக்கியை உண்டாக்க வேண்டும் என்பதற்காகவே பணத்தை வாங்காமல் திருப்பி அனுப்பும் யோசனை சில இடங்களில் சொல்லப்படுகிறது. அது நேர்மையற்றது, பயனற்றதும்கூட. பணம் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணம் தரவில்லை என்று வழக்குப் போட முடியாது.

தண்ணீர்க் குழாயை அடைப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது, வெளியூர் போயிருக்கும் நேரத்தில் பூட்டுப் போடுவது, ஆட்களை அனுப்பி வாசலில் நிற்க வைப்பது ஆகியவற்றைப் பற்றி எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் தாமாகவோ பிறர் வழியாகவோ நிறுத்துவதைத் தடை செய்கிறது. மீறினால் அவற்றை உடனே மீட்டுத்தர வாடகை அதிகாரி உத்தரவிடலாம். சட்டத்தின் வழியன்றி வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து வீட்டைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் உரிமை யாருடையது என்ற கேள்வியே எழாது. பாக்கி வைத்தவர் என்பதால் அந்த வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டாம் என்று ஆகிவிடுமா? நியாயம் முழுவதும் தம் பக்கம் இருக்கும் உரிமையாளரும், ஒரு பூட்டைப் போட்ட மறுநொடியே, நீதிமன்றத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவராக இடம் மாறிவிடுகிறார். காவல் நிலையத்துக்குப் போவதும் பயன் தராது. வாடகைத் தகராறு உரிமையியல் சார்ந்தது. வீட்டைக் காலி செய்து கொடுக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை.

மனு வாடகை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இவை நடக்கின்றன. அங்கே குடியிருப்பவர், இவர் உரிமையாளரே இல்லை என்று சொல்லக்கூடும். வாடகைக்கு அமர்த்தியவருக்கு அப்போது உரிமை இல்லை என்று குடியிருப்பவர் வாடகை நீடிக்கும் வரை மறுக்க முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவில் இருந்து, இப்போது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 122ஆம் பிரிவாகத் தொடரும் விதி. ஆனால் அவரை அமர்த்தியவர் பழைய உரிமையாளர். அவரிடமிருந்து தமக்கு உரிமை வந்தது என்பதைப் பதிவு பெற்ற பத்திரத்தைக் காட்டிப் புதியவர் நிறுவ வேண்டும். கூட்டு வாரிசுகளில் ஒருவர் மட்டும், மற்றவர்கள் எதிர்க்காத நிலையில், வெளியேற்ற வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. எனினும் அண்ணன் தம்பிகளுக்குள் பிணக்கு இருக்கும்போது, வாடகையை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்ற பதில் குடியிருப்பவருக்கு எளிதில் கிடைத்துவிடும். ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து அனைவரும் கையெழுத்திட்டு முன்பே தெரிவித்துவிடுவது அதை அடைக்கும்.

உத்தரவு கிடைத்தாலும் மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் பிறகும் ஆள் போகவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற அமீனா வந்து வீட்டை ஒப்படைக்கும் வரை காத்திருக்க வேண்டும். நகர்ப்புறச் சட்டம் எட்டாத கிராமப் பகுதியில் உள்ள கட்டடத்துக்கு வழி வேறு: மாத வாடகை என்றால் 106ஆம் பிரிவின்படி பதினைந்து நாள் அறிவிப்பு, பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. எந்த வழியானாலும், பாக்கித் தொகையை வசூலிக்கும் உரிமைக்குக் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளே தருகிறது. வெளியேற்றம் முடியட்டும், பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டவரின் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு நெடிய பாதையைக் காட்டிய பிறகும், முதலில் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். வேலை போனவர், நோயில் விழுந்தவர், கடையில் வியாபாரம் படுத்துப்போனவர் ஆகியோரில் பலருக்கு அந்த வீட்டில் தொடர்வதைவிடச் சிறிய வீட்டுக்கு மாறுவதே தேவையாக இருக்கும். அதற்கு வேண்டிய முன்பணம்தான் அவர்களிடம் இருக்காது, ஏனெனில் அது இந்த வீட்டின் உரிமையாளரிடம் முடங்கிக் கிடக்கிறது. இரண்டு மாதப் பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதி முன்பணத்தில் பாதியைப் புதிய வீடு பார்க்கும்போதும் மறுபாதியைச் சாவி கொடுக்கும் நாளிலும் தருவதாக ஒப்புக்கொண்டால், எத்தனையோ வீடுகள் வழக்கின்றிக் காலியாகின்றன. அந்த ஒப்புதலும் எழுத்தில் இருக்க வேண்டும்: காலி செய்யும் தேதி, கழிக்கப்படும் தொகை, திருப்பித் தரப்படும் தொகை, மின் கட்டணம் யார் பொறுப்பு, இருவருக்கும் இனி ஒருவர்மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்ற வரி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. சாவி கைமாறும்போது, வீட்டின் நிலையைப் படம் எடுத்து, மின் மீட்டரின் அளவைக் குறித்து, அதே தாளின் அடியில் தேதியிட்டு இருவரும் மீண்டும் ஒரு கையெழுத்து இட வேண்டும்.